எவ்வளவு தூரம், எவ்வளவு நேரம்?

சென்னையிலிருந்து சிங்கப்பூர் சுமார் 2,925 கிலோமீட்டர். சென்னையிலிருந்து துபாய் சுமார் 2,930 கிலோமீட்டர். ஒன்று கிழக்கே, மற்றது மேற்கே. தூரம் கிட்டத்தட்ட ஒன்றுதான். காலை 10 மணிக்கு இந்த இரண்டு ஊருக்கும் ஒவ்வொரு விமானம் கிளம்புவதாக வைத்துக்கொள்வோம். இரண்டுக்கும் பயணம் நாலேகால் மணி நேரம். சிங்கப்பூர் டிக்கெட்டில் போய்ச் சேரும் நேரம் மாலை 4.45 என்றிருக்கும், துபாய் டிக்கெட்டில் பகல் 12.45 என்றிருக்கும். முதன்முதலாக வெளிநாடு போகிறவர் இதைப் பார்த்துவிட்டு, சிங்கப்பூர் ஆறேமுக்கால் மணி நேரம், துபாய் இரண்டேமுக்கால் மணி நேரம் என்று கணக்குப் போட்டு வீட்டில் எல்லோரிடமும் சொல்லிவிடுவார். சர்க்கரை நோய் உள்ள அம்மா எத்தனை மணிக்குச் சாப்பிட வேண்டும், எப்போது இன்சுலின் போட வேண்டும் என்பதெல்லாம் இந்தத் தவறான கணக்கின் மேல்தான் முடிவாகும்.

டிக்கெட் எடுக்கும் முன் கேட்க வேண்டிய கேள்விகள் நான்கு. தூரம் எவ்வளவு? வானத்தில் எவ்வளவு நேரம்? டிக்கெட்டில் போட்டிருக்கும் நேரம் எதிலிருந்து எதுவரை? வீட்டு வாசலிலிருந்து போய்ச் சேரும் வாசல்வரை மொத்தம் எவ்வளவு? நான்குக்கும் விடை வேறு வேறு. முதலாவது மட்டுமே மாறாதது.

தூரத்தை அளப்பது

இரண்டு விமான நிலையங்களுக்கு இடையிலான தூரம் என்று எங்கு பார்த்தாலும் கொடுத்திருப்பது, பூமியின் பரப்பில் அவ்விரண்டையும் இணைக்கும் மிகக் குறுகிய கோட்டின் நீளம். இதற்குப் பெருவட்டத் தூரம் என்று பெயர். சுவரில் மாட்டும் உலக வரைபடத்தில் ஸ்கேல் வைத்து இதை அளக்க முடியாது. உருண்டையைத் தட்டையாக விரித்ததில் வடக்கே உள்ள நாடுகள் பெருத்துப்போயிருக்கும், திசைகளும் ஏமாற்றும்.

வீட்டில் உலக உருண்டை இருந்தால் ஒரு தையல் நூலை எடுத்து, ஒரு முனையைச் சென்னையிலும் மறுமுனையை லண்டனிலும் வைத்து விறைப்பாக இழுத்துப் பிடியுங்கள். தட்டை வரைபடத்தில் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டால் அது பாரசீக வளைகுடா, ஈராக், துருக்கி வழியாகப் போகும். நூல் அப்படிப் போகாது. பாகிஸ்தானின் சிந்து மாகாணத்தைக் கடந்து, ஈரானைத் தாண்டி, பாக்கு நகரத்துக்குப் பக்கத்தில் காஸ்பியன் கடலில் பாதி தூரத்தை எட்டி, காக்கசஸ் மலை, உக்ரைன், ஜெர்மனி என்று வடக்கே வளைந்து போகும். நீளம் சுமார் 8,230 கிலோமீட்டர். குழந்தைகளை உட்காரவைத்து ஒருமுறை இதைச் செய்து காட்டுங்கள். பத்துப் பக்கம் படிப்பதைவிட நன்றாக மனத்தில் நிற்கும். சான் பிரான்சிஸ்கோவிலிருந்து பெங்களூருக்கு நூல் பிடித்தால் அது வடதுருவப் பக்கமாகவே போகிறது. 2021 ஜனவரியில் கேப்டன் ஜோயா அகர்வால் தலைமையில் பெண் விமானிகள் மட்டுமே ஓட்டிவந்த ஏர் இந்தியா விமானம் அந்தத் துருவ வழியில்தான் வந்து பெங்களூரில் இறங்கியது.

உருண்டை இல்லாதவர்கள் கணக்குப் போட்டே கண்டுபிடிக்கலாம். சுலபமான ஒன்றிலிருந்து தொடங்குவோம். சென்னை விமான நிலையம் வடக்கு 12.99 பாகை, யாழ்ப்பாணத்தின் பலாலி வடக்கு 9.79 பாகை. தீர்க்கரேகை இரண்டுக்கும் ஏறத்தாழ 80 பாகைதான். ஒன்றுக்கு நேர் தெற்கே மற்றொன்று. அட்சரேகை வித்தியாசம் 3.2 பாகை. ஒரு பாகைக்கு 111 கிலோமீட்டர் என்று பெருக்கினால் 355 கிலோமீட்டர். வேலை முடிந்தது.

கிழக்கு மேற்காகப் போகும் ஊர்களுக்குக் கொஞ்சம் கூடுதல் உழைப்பு வேண்டும். சைன், கோசைன் உள்ள சாதாரண அறிவியல் கால்குலேட்டர் போதும். சென்னை 12.99, சிங்கப்பூர் 1.35, தீர்க்கரேகை வித்தியாசம் 23.82 பாகை. முதலில் இரண்டு அட்சரேகைகளின் சைன்களையும் பெருக்குங்கள்: 0.0053. அடுத்து, இரண்டு அட்சரேகைகளின் கோசைன்களோடு தீர்க்கரேகை வித்தியாசத்தின் கோசைனையும் சேர்த்துப் பெருக்குங்கள்: 0.8911. இரண்டையும் கூட்டினால் 0.8964. எந்தக் கோணத்துக்கு இந்தக் கோசைன் வரும் என்று கால்குலேட்டரைக் கேட்டால் 26.31 பாகை என்று சொல்லும். அதை 111.2-ஆல் பெருக்கினால் 2,925 கிலோமீட்டர். பூமி முழு உருண்டையாக இல்லாமல் நடுவில் லேசாகப் புடைத்திருப்பதால் சில கிலோமீட்டர் முன்னே பின்னே வரும். பயணிக்கு அது பொருட்டே இல்லை.

இங்கே ஒரு எச்சரிக்கை. விமானிகள் கடல் மைலில் பேசுகிறவர்கள். ஒரு கடல் மைல் 1.852 கிலோமீட்டர், ஒரு பாகைக்கு 60 கடல் மைல். அமெரிக்கர்கள் சாலை மைலில் எழுதுவார்கள், அது 1.609 கிலோமீட்டர். சென்னை–சிங்கப்பூர் தூரம் ஓரிடத்தில் 1,579 என்றும், இன்னோரிடத்தில் 1,818 என்றும், மற்றோரிடத்தில் 2,925 என்றும் இருந்தால் மூன்றும் சரியே. எண்ணுக்குப் பின்னால் என்ன அலகு போட்டிருக்கிறார்கள் என்று பாருங்கள்.

ஊரிலிருந்து ஊருக்கா, விமான நிலையத்திலிருந்து விமான நிலையத்துக்கா என்பதையும் கவனிக்க வேண்டும். லண்டன் என்ற பெயரில் ஹீத்ரோ, காட்விக், ஸ்டான்ஸ்டெட், லூட்டன் என்று பல நிலையங்கள் இருக்கின்றன. வானத்தில் பார்த்தால் அவற்றுக்கு இடையே உள்ள தூரம் சொற்பம். பெட்டிகளோடு ஒன்றில் இறங்கி இன்னொன்றில் விமானம் பிடிக்க வேண்டும் என்றால் அரை நாள் போய்விடும்.

நூல் போகும் வழியில் விமானம் போவதில்லை

சென்னை–லண்டன் நூல் எந்தெந்த நாடுகளின் மேல் கிடந்தது என்று இன்னொருமுறை பாருங்கள். உக்ரைன் வான்வெளி 2022 பிப்ரவரி 24 முதல் பயணிகள் விமானங்களுக்கு மூடிக்கிடக்கிறது. அதே மாதத்தில் பிரிட்டன், ஐரோப்பிய விமானங்களுக்கு ரஷ்ய வான்வெளியும் மூடப்பட்டது. 2025 ஏப்ரல் இறுதியில் இந்திய விமானங்களுக்குப் பாகிஸ்தான் தன் வான்வெளியை மூடியது. 2019-இலும் பிப்ரவரி கடைசியிலிருந்து ஜூலை நடுப்பகுதிவரை இதே நிலைதான். குறுகிய கோடு பூமியில் அப்படியே இருக்கிறது. விமானம் அதைச் சுற்றிக்கொண்டு போகிறது.

இதில் அதிகம் அடிபட்ட ஒரு வழியைச் சொல்ல வேண்டும். பின்லாந்தின் ஹெல்சின்கியிலிருந்து டோக்கியோவுக்கு ரஷ்யாவுக்கு மேலாக ஒன்பதரை மணி நேரத்தில் போய்க்கொண்டிருந்தார்கள். 2022-க்குப் பிறகு அதே பயணம் சுமார் 13 மணி நேரம் ஆகிவிட்டது. ஆசியாவுக்குக் குறுக்கு வழி என்பதையே நம்பி வளர்ந்த விமான நிலையம் அது. நம் பக்கத்தில் டெல்லியிலிருந்து மேற்கே போகிற விமானங்களுக்குத்தான் சுற்று அதிகம். சென்னை, திருச்சி, கொச்சியிலிருந்து வளைகுடாவுக்குப் போகிறவர்கள் அரபிக்கடலைத் தாண்டிப் போவதால் பாகிஸ்தான் வான்வெளி மூடினாலும் பெரிய மாற்றம் தெரியாது.

அரசியல் இல்லாவிட்டாலும் கோணல் உண்டு. விமானங்கள் வரையறுத்த வான்வழிகளில் போகின்றன. ராணுவப் பயிற்சிப் பகுதிகளைத் தவிர்க்கின்றன. வங்காள விரிகுடாவில் இடிமேகம் எழும்பியிருந்தால் அதன் உள்ளே போகாமல் பக்கவாட்டில் பல கிலோமீட்டர் ஒதுங்கிப் போகின்றன. ஆகவே பெருவட்டத் தூரத்தைவிடப் பறந்த தூரம் எப்போதும் கொஞ்சம் கூடுதலாகவே இருக்கும்.

வேகமும் காற்றும்

ஏர்பஸ் ஏ320, போயிங் 737 போன்ற ஒற்றை நடைபாதை விமானங்கள் ஒலியின் வேகத்தில் 78 சதவீதத்தை ஒட்டிப் பறக்கும். நீண்ட தூரம் போகும் போயிங் 787, ஏர்பஸ் ஏ350 ஆகியவை 85 சதவீதம். 11 கிலோமீட்டர் உயரத்தில் வெப்பநிலை மைனஸ் 56 டிகிரியை ஒட்டி இருக்கும். அந்தக் குளிரில் ஒலியின் வேகம் மணிக்குச் சுமார் 1,060 கிலோமீட்டர். அப்படியானால் சிறியது மணிக்கு 830, பெரியது 900. பலாலிக்குப் போகும் ஏடிஆர் போன்ற விசிறி விமானங்கள் 500 கிலோமீட்டருக்குள்தான்.

இதைக் கொண்டு மனக்கணக்காக ஒரு வழி சொல்கிறேன். கிலோமீட்டரை 800-ஆல் வகுத்து, வருவதோடு அரை மணி கூட்டுங்கள். சிங்கப்பூருக்கு 2,925-ஐ வகுத்தால் 3 மணி 39 நிமிடம். அரை மணி சேர்த்தால் 4 மணி 9 நிமிடம். டெல்லிக்கு 1,760-ஐ வகுத்து அரை மணி கூட்டினால் 2 மணி 42 நிமிடம். அட்டவணையைத் திறந்து பாருங்கள், பக்கத்தில்தான் இருக்கும். அந்த அரை மணி, தரையில் உருளுவதற்கும் மேலேறி வேகம் பிடிப்பதற்கும் இறங்குவதற்கும். விசிறி விமானத்துக்கு 800-க்குப் பதில் 450 வைத்துக்கொள்ளுங்கள். பலாலிக்கு ஒன்றேகால் மணி என்று வரும்.

இந்தக் கணக்கை ஆட்டிவைப்பது காற்று. விமானம் காற்றுக்குள் மிதந்து போகிறது. அந்தக் காற்றே நகர்ந்தால் விமானமும் அதோடு நகர்கிறது. பூமி மேற்கிலிருந்து கிழக்காகச் சுழல்வதால் மேற்கே போகும் விமானம் சீக்கிரம் சேர்ந்துவிடும் என்று படித்தவர்களே நினைக்கிறார்கள். பூமியோடு சேர்ந்து காற்று மண்டலமும் சுழல்கிறது, நிறுத்திவைத்த விமானமும் சுழல்கிறது. அதனால் லாபமும் இல்லை, நட்டமும் இல்லை. நேரத்தைக் கூட்டுவதும் குறைப்பதும் மேலே ஓடுகிற காற்றோட்டங்கள்.

இதற்கு என்னிடம் இருப்பதில் சிறந்த உதாரணம் 2016 அக்டோபரில் நடந்தது. டெல்லி–சான் பிரான்சிஸ்கோ ஏர் இந்தியா விமானம் அதுவரை அட்லாண்டிக் வழியாகச் சுமார் 13,900 கிலோமீட்டர் போய்க்கொண்டிருந்தது. அந்த மாதம் அதைப் பசிபிக் வழியாகத் திருப்பினார்கள். தூரம் சுமார் 15,300 கிலோமீட்டராக, 1,400 கிலோமீட்டர் கூடியது. நேரம் சுமார் இரண்டு மணி குறைந்தது. மேற்கிலிருந்து கிழக்கே வீசும் காற்று, அட்லாண்டிக் வழியில் முகத்தில் அடித்தது. பசிபிக் வழியில் முதுகைத் தள்ளியது. தூரத்தை மட்டும் பார்த்து விமானத்தைத் தேர்ந்தெடுக்கிறவர்களுக்கு இந்த ஒன்றே போதும். 2020 பிப்ரவரியில் சியாரா புயலின்போது நியூயார்க்கிலிருந்து கிளம்பிய ஒரு பிரிட்டிஷ் ஏர்வேஸ் ஜம்போ, 4 மணி 56 நிமிடத்தில் லண்டனைத் தொட்டது. வழக்கமாக அந்தத் திசையில் ஆறு மணிக்கு மேல் ஆகும்.

சென்னைக்காரர்கள் தெரிந்துவைத்துக்கொள்ள வேண்டிய காற்று இன்னொன்று உண்டு. ஜூன் முதல் செப்டம்பர்வரை, தென்மேற்குப் பருவமழைக் காலத்தில், ஏறத்தாழ சென்னையின் அட்சரேகையிலேயே, 14 முதல் 16 கிலோமீட்டர் உயரத்தில், கிழக்கிலிருந்து மேற்காக ஒரு காற்றாறு ஓடுகிறது. நடுவில் அதன் வேகம் மணிக்கு நூறு கிலோமீட்டரைத் தாண்டும். இந்திய வானிலை அறிஞர் பி. கோட்டீஸ்வரம் 1958-இல் இதை விரிவாக எழுதி உலகத்துக்குக் காட்டினார். பயணிகள் விமானம் அதன் அடி விளிம்பில்தான் போகிறது; அதுவே போதும். ஜூலையில் சென்னையிலிருந்து சிங்கப்பூர் போகும்போது எதிர்க்காற்று, திரும்பும்போது பின்காற்று. அதே ஜூலையில் துபாய்க்குக் கிளம்புகிறவருக்குப் பயணத்தின் முதல் பாதியில் பின்காற்று கிடைக்கிறது. ஜனவரியில் நிலைமை மாறிவிடும். அப்போது வட இந்தியாவையும் அரேபியாவையும் ஒட்டி மேற்கிலிருந்து கிழக்காக வேறொரு காற்றாறு பலமாக ஓடும். துபாய், லண்டன் போகிறவர்கள் அதை எதிர்த்துப் போக வேண்டும். லண்டனுக்கு நேரடி விமானத்தில் போக ஏறத்தாழ 11 மணி, வர ஏறத்தாழ 10 மணி என்று அட்டவணை போடுவது இதனால்தான்.

போகும்போது இழந்ததை வரும்போது அப்படியே திருப்பி எடுத்துவிடலாம் என்றும் எண்ண வேண்டாம். 8,230 கிலோமீட்டர் வழியில் மணிக்கு 900 கிலோமீட்டர் வேகம், 100 கிலோமீட்டர் காற்று என்று வைத்துப் பாருங்கள். போக 10 மணி 17 நிமிடம், வர 8 மணி 14 நிமிடம். சேர்த்து 18 மணி 31 நிமிடம். காற்றே இல்லாவிட்டால் இரண்டும் சேர்ந்து 18 மணி 17 நிமிடம். எதிர்க்காற்றில் அதிக நேரம் மாட்டிக்கொள்கிறோம், பின்காற்றில் குறைந்த நேரமே இருக்கிறோம். வித்தியாசம் அங்கே தங்கிவிடுகிறது.

சீட்டுக்கு முன்னால் உள்ள திரையில் வரைபடத்தைத் திறந்தால் இது கண்ணுக்கே தெரியும். தரை வேகம் என்று ஓர் எண், வெளி வெப்பநிலை என்று ஓர் எண், சில விமானங்களில் எதிர்க்காற்று, பின்காற்று என்றும் ஓர் எண் ஓடிக்கொண்டிருக்கும். தரை வேகம் 800-க்குக் கீழே இறங்கியிருந்தால் முகத்தில் காற்று. 950-ஐத் தாண்டியிருந்தால் முதுகில் காற்று.

டிக்கெட்டில் உள்ள நேரம்

டிக்கெட்டில் புறப்படும் நேரம் என்று போட்டிருப்பது, சக்கரத்துக்கு அடியில் வைத்த கட்டையை எடுத்து விமானம் கேட்டிலிருந்து நகரத் தொடங்கும் நேரம். சேரும் நேரம் என்பது இன்னொரு கேட்டில் போய் நின்று மீண்டும் கட்டை வைக்கும் நேரம். விமானக்காரர்கள் இதை பிளாக் டைம் என்பார்கள். வானத்தில் இருக்கும் நேரம் இதைவிடக் குறைவு. சிங்கப்பூர் விமானத்துக்கு நாலேகால் மணி என்று போட்டிருந்தால், வானத்தில் மூன்றேமுக்கால் மணிக்குச் சற்று முன்பின் இருக்கும்.

மீதி எங்கே போகிறது? சென்னையில் முதன்மை ஓடுபாதை கிழக்கு மேற்காகக் கிடக்கிறது. விமானம் எப்போதும் காற்றை எதிர்த்துத்தான் எழும்பும். பருவமழைக் காலத்தில் காலையில் மேல்காற்று அடித்தால் மேற்கே பார்த்து எழும்பி, பிறகு திரும்பிக் கடலுக்கு வர வேண்டும். பிற்பகலில் கடற்காற்று ஏறினால் நேராகக் கடலைப் பார்த்தே எழும்பிவிடலாம். இதில் சில நிமிடம். முன்னால் நிற்கும் விமானங்களின் வரிசையில் சில நிமிடம். ஹீத்ரோவில் இறங்கும் முன் போவிங்டன், லாம்போர்ன், ஆக்கம், பிகின் ஹில் என்ற நான்கு இடங்களில் ஏதாவதொன்றுக்கு மேலே வட்டமடிக்கச் சொல்வார்கள். ஒரு சுற்றுக்குச் சுமார் நான்கு நிமிடம். சன்னலில் ஒரே வயல்வெளி திரும்பத் திரும்ப வந்தால் பயப்பட ஒன்றுமில்லை, முறை வருவதற்குக் காத்திருக்கிறீர்கள்.

இதையெல்லாம் தெரிந்து, நிறுவனங்கள் அட்டவணையிலேயே கொஞ்சம் கூட்டிப் போட்டுவிடுகின்றன. அரை மணி தாமதமாகக் கிளம்பிய விமானம் சரியான நேரத்துக்குப் போய்ச் சேர்வது பெரும்பாலும் விமானி விரட்டியதால் அல்ல. ஒதுக்கிவைத்த நிமிடங்கள் உதவியிருக்கும். எனவே ஒரே வழிக்கு ஒரு நிறுவனம் 4 மணி 5 நிமிடம், இன்னொன்று 4 மணி 25 நிமிடம் என்று போட்டிருந்தால் முன்னது வேகமான விமானம் என்று நினைத்துக் கூடுதல் பணம் கொடுக்காதீர்கள்.

கடிகாரக் கணக்கு

டிக்கெட்டில் இரண்டு நேரமும் அந்தந்த ஊர் நேரம். பயண நேரம் வேண்டுமென்றால் சேரும் நேரத்தை இந்திய நேரத்துக்கு மாற்றி, புறப்படும் நேரத்தைக் கழியுங்கள். சிங்கப்பூர், மலேசியா நம்மைவிட இரண்டரை மணி முன்னால். துபாய் ஒன்றரை மணி பின்னால். இலங்கை நமக்குச் சமம். சென்னையில் இரவு 11.15-க்குப் புறப்பட்டு மறுநாள் காலை 5.55-க்குச் சிங்கப்பூர் என்றால், 5.55-இல் இரண்டரையைக் கழித்து 3.25, 11.15-இலிருந்து 3.25 வரை 4 மணி 10 நிமிடம்.

பிரிட்டனில் மட்டும் கவனம் வேண்டும். மார்ச் கடைசி ஞாயிறு முதல் அக்டோபர் கடைசி ஞாயிறுவரை நமக்கு நாலரை மணி பின்னால். மற்ற மாதங்களில் ஐந்தரை மணி. அந்த இரண்டு ஞாயிறுகளை ஒட்டிப் பயணம் செய்கிறவர்கள், அழைத்துப்போக வருகிற பிள்ளையிடம் உள்ளூர் நேரத்தையே சொல்லுங்கள். இந்திய நேரத்தைச் சொல்லி அவர்களை மாற்றச் சொன்னால் ஒருவர் ஒரு மணி நேரம் காத்து நிற்க வேண்டிவரும்.

வாசலிலிருந்து வாசலுக்கு

தஞ்சாவூரிலிருந்து சிங்கப்பூர் போகிற ஒரு குடும்பத்தை நினைத்துக்கொள்ளுங்கள். திருச்சியிலிருந்து சிங்கப்பூர் சுமார் 2,980 கிலோமீட்டர். சென்னையைவிட ஐம்பத்தைந்து கிலோமீட்டர் அதிகம். வானத்தில் அது நாலைந்து நிமிடம். தஞ்சாவூரிலிருந்து திருச்சி விமான நிலையத்துக்குக் காரில் ஒரு மணி நேரம். சென்னைக்கு ஆறு மணி நேரத்துக்கு மேல். சென்னையில் டிக்கெட் இரண்டாயிரம் ரூபாய் குறைவு என்று போகிறவர்கள் கார் வாடகையையும் வழிச் சாப்பாட்டையும் தூக்கமில்லாத ஓர் இரவையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். பெரியவர்களையும் கைக்குழந்தையையும் கூட்டிக்கொண்டு போகிறவர்களுக்கு என் பரிந்துரை தயக்கமே இல்லாமல் திருச்சிதான்.

குறைந்த தூரத்தில் இந்தக் கணக்கு இன்னும் கடுமையாகிறது. சென்னை–மதுரை வான்வழித் தூரம் சுமார் 420 கிலோமீட்டர், டிக்கெட்டில் ஒன்றேகால் மணியை ஒட்டி இருக்கும். நகரத்திலிருந்து விமான நிலையத்துக்கு ஒரு மணி, முன்கூட்டிப் போய் நிற்பதற்கு ஒன்றரை மணி முதல் இரண்டு மணி, இறங்கிப் பெட்டி எடுக்க அரை மணி, மதுரைக்குள் போக முக்கால் மணி. ஐந்து முதல் ஐந்தரை மணி ஆகிவிட்டது. எழும்பூரிலிருந்து வந்தே பாரத் ஆறு மணி நேரத்துக்குள் மதுரை சந்திப்பில், ஊருக்கு நடுவிலேயே இறக்கிவிடுகிறது. என்னைக் கேட்டால் ரயில்தான்.

மாறிப்போகும் பயணங்களில் தூரம் ஒன்றுமே சொல்லாது. சென்னை–துபாய், துபாய்–லண்டன் இரண்டையும் கூட்டினால் சுமார் 8,430 கிலோமீட்டர். நேரடி வழியைவிட இருநூறு கிலோமீட்டர்தான் அதிகம்; துபாய் அவ்வளவு வசதியான இடத்தில் இருக்கிறது. நேரமோ இறங்கி, மாறி, மீண்டும் ஏறுவதில் மூன்று நான்கு மணி கூடிவிடும். அந்த இடைவெளியை இரண்டு மணிக்குக் கீழே சுருக்காதீர்கள். முதல் விமானம் முக்கால் மணி தாமதமானாலே மூச்சுத் திணறும். இரண்டு டிக்கெட்டையும் ஒரே முன்பதிவில் எடுத்தால், இணைப்பைத் தவறவிட்டாலும் அடுத்த விமானத்தில் ஏற்றும் பொறுப்பு நிறுவனத்துக்கு உண்டு. தனித்தனியாக எடுத்தால் பொறுப்பு முழுவதும் உங்கள் தலையில்.

எண்கள் பணமாகும் இடம்

இந்தியாவில் விமானம் ரத்தானால் கிடைக்கும் இழப்பீட்டை பிளாக் டைம் தீர்மானிக்கிறது. உரிய நேரத்தில் முன்கூட்டித் தெரிவிக்காமல், நிறுவனத்தின் கட்டுப்பாட்டில் உள்ள காரணத்தால் ரத்து செய்தால், ஒரு மணி வரையிலான பயணத்துக்கு ரூ.5,000, இரண்டு மணி வரை ரூ.7,500, அதற்கு மேல் ரூ.10,000. அல்லது ஒருவழி அடிப்படைக் கட்டணமும் எரிபொருள் கட்டணமும் சேர்ந்த தொகை. இரண்டில் எது குறைவோ அது. சென்னை–பெங்களூரு விமானங்கள் ஒரு மணியை ஒட்டியே இருப்பதால், 60 நிமிடமா 65 நிமிடமா என்பதில் ரூ.2,500 நிற்கிறது. கேட்கும் முன் அப்போதைய விதியை ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

பிரிட்டனில் அளவுகோல் தூரம். அதுவும் நூல் பிடித்து அளக்கும் பெருவட்டத் தூரம்தான் என்று விதியிலேயே எழுதியிருக்கிறது. 1,500 கிலோமீட்டர் வரை 220 பவுண்டு, 3,500 வரை 350, அதற்கு மேல் 520. லண்டனிலிருந்து சென்னை 8,230 கிலோமீட்டர் என்பதால், நிறுவனத்தின் தவறால் நான்கு மணிக்கு மேல் தாமதமானால் ஆளுக்கு 520 பவுண்டு. மூன்றிலிருந்து நான்கு மணிக்குள் என்றால் 260. பிரிட்டனிலிருந்து கிளம்பினால் எந்த நிறுவனமானாலும் இது பொருந்தும். சென்னையிலிருந்து அங்கே போகும்போது பிரிட்டிஷ் அல்லது ஐரோப்பிய நிறுவனமாக இருக்க வேண்டும்.

தாமதத்தை எதுவரை எண்ணுவது என்பதில் வழக்கு நடந்திருக்கிறது. சக்கரம் தரையைத் தொட்ட நேரமும் இல்லை, கேட்டில் நின்ற நேரமும் இல்லை. பயணிகள் இறங்குவதற்காகக் கதவுகளில் ஒன்றாவது திறந்த நேரமே வந்து சேர்ந்த நேரம் என்று ஐரோப்பிய நீதிமன்றம் 2014-இல் தீர்ப்பளித்தது. மூன்று மணியோ நான்கு மணியோ நெருங்கும் தாமதத்தில் இருந்தால், கதவு திறந்ததும் கைபேசி கடிகாரத்தைப் பார்த்து, போர்டிங் பாஸின் பின்புறம் அந்த நேரத்தை எழுதிவையுங்கள். பக்கத்துச் சீட்டுக்காரரிடமும் சொல்லுங்கள்.